பெயர் தெரியாமல் தேடுகிறவர்கள்

ஆராய்ச்சி செய்வது இப்போது மிகவும் சுலபமாகிவிட்டது என்று ஓர் அபிப்பிராயம் பரவியிருக்கிறது. நூல்நிலையத்தில் போய்த் தூசி தட்ட வேண்டாம். கைப்போனில் நாலு எழுத்தைத் தட்டினால் உலகத்துப் புத்தகமெல்லாம் வந்து நிற்கும் என்கிறார்கள். புத்தகங்கள் வந்திருப்பது வாஸ்தவம். 1998 முதல் மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். காந்திநகரிலிருந்து நடக்கும் சோத்கங்காவில் நம் சர்வகலாசாலைகளின் ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. இவற்றைக் காசு கேட்காமல் திறந்து வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். என் சண்டை அவர்களோடு அல்ல. தேடுகிற பிள்ளைகளோடும், எப்படித் தேடுவது என்று அவர்களுக்குச் சொல்லித் தராத ஆசிரியர்களோடுந்தான்.

நான் இன்டர்மீடியட்டோடு நின்றவன். ஆனாலும் செங்கற்பட்டுக்காரன், கதை எழுதுகிறவன் என்ற இரண்டு காரணத்தால், மாமல்லபுரத்தைப் பற்றி எழுதும் மாணவர்கள் சிலர் தங்கள் ஆய்வேட்டை என்னிடம் காட்டுவதுண்டு. ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரி. முதல் பக்கத்தில் வந்த அதே ஏழெட்டுக் கட்டுரைகள். அதே வாக்கியங்கள், சற்றே தலைப்பாகை மாற்றிக்கொண்டு. ஓர் ஆய்வேட்டில் ஆயனச் சிற்பியே வந்துவிட்டார்! 1944 முதல் பத்திரிகையில் தொடராக வந்த 'சிவகாமியின் சபத'த்திற்காகக் கல்கி படைத்த பாத்திரம் அவர். பல்லவர் காலத்துச் சிற்பிகளின் வாழ்க்கைக்கு அவரை ஆதாரமாகக் காட்டியிருந்தார் அந்த மாணவர். கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கற்பனைக்கு மதிப்பு இருப்பதே, அது கற்பனை என்று தெரிந்து படிப்பதால்தான்.

இயந்திரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது நாம் கொடுத்த பெயரைத்தான் பெரும்பாலும் தேடும். அந்த ஊருக்கோ பெயர் ஒன்றல்ல. திருமங்கையாழ்வாருக்கு அது கடல்மல்லை. கப்பற்காரர்களுக்குச் செவன் பகோடாஸ். 1788-இல் அச்சான வில்லியம் சேம்பர்ஸின் கட்டுரை மாவலிபுரம் என்கிறது. சட்ராஸுக்குச் சில மைல் வடக்கே என்று அடையாளமும் சொல்கிறது. சட்ராஸ் என்பது நம் சதுரங்கப்பட்டினம். பின்னால் வந்தவர்கள் மகாபலிபுரம் என்றார்கள். ஒவ்வொரு பெயரும் ஒவ்வோர் அலமாரியின் சாவி. பையன் மாமல்லபுரம் என்று மட்டும் தட்டுகிறான். ஓட்டல் வாடகையும், 2019-இல் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்த படங்களும் வந்து விழுகின்றன. அவற்றுக்கு நடுவே அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, எல்லாம் மாமல்லன் செதுக்கியவை என்று எழுதிவிடுகிறான். இரா. நாகசாமி 1962-இல், அவையெல்லாம் ராஜசிம்மன் காலத்தவை என்று வாதாடினார். அறிஞர்கள் பலர் ஒப்பவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. அப்படி ஒரு வழக்கு இருப்பதே அந்தப் பையனுக்குத் தெரியாது.

எங்கள் செங்கற்பட்டின் கதை இன்னும் வேடிக்கை. வெள்ளைக்காரன் ஏடுகளில் அது சிங்கிள்புட். சார்லஸ் க்ரோல் 1879-இல் எழுதிய ஜில்லா மானுவலை அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். அதற்கும் முந்திய கம்பெனிக் காகிதங்களில் வெறும் ஜாகீர். இந்தக் காலத்து விவரமாவது சுலபமா என்றால், அதுவும் இல்லை. 1997-இல் பழைய ஜில்லாவைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாக்கினார்கள். 2019-இல் செங்கற்பட்டு மறுபடி ஜில்லாவாயிற்று. ஆகவே 2011 ஜனத்தொகைக் கணக்கில் அந்த ஜில்லாவைத் தேடினால் கிடைக்காது. காஞ்சிபுரத்துக்குள் பார்க்க வேண்டும். இது கூட ஆசிரியர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடக் கூடியதுதான்.

ஆனால் எந்தப் பெயரைத் தட்டியும் எளிதில் அகப்படாத சங்கதியும் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயர் இந்த ஜாகீரில் சுமார் 2,000 கிராமங்களை அளந்தார். எத்தனை வீடு, என்னென்ன தொழில், ஏரி எவ்வளவு, நிலம் எவ்வளவு, விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஊர் ஊராகக் கணக்கு இருக்கிறது. அதன் தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கம் சென்னை ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. ஓலையைப் படிக்கப் பழக வேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். பொறுமையாகப் பழகியவர்கள் திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் கணக்கை 2001-இல் புத்தகமாகவே போட்டார்கள்.

மாமல்லபுரத்துக்குப் பஸ்ஸில் போகிற பையன்களில் திருப்போரூர்க்காரர்களும் இருக்கிறார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் தம் ஊரில் எத்தனை வீடு இருந்தது என்று அவர்கள் அதில் பார்த்துக்கொள்ளலாம். போனில் ஊர்ப் பெயரைத் தட்டினால், கந்தசாமி கோயில் நடை திறக்கும் நேரமும் மனை விலையுந்தான் முதலில் வருகின்றன.