உதிர்ந்த புள்ளி

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை, விடிகாலை 5.30. உலக நேரத்துக்கு அப்போதுதான் நள்ளிரவு 12. நவம்பரின் கடைசி முழு வாரஇறுதியில் 48 மணி நேரம் நடக்கும் 'சிக்யூ வேர்ல்டு வைட்' ஹாம் ரேடியோ மோர்ஸ் போட்டி அந்த நொடியில் தொடங்கும். என்னிடம் இருப்பது 807 வால்வு ஒன்றை வைத்துக் கட்டிய டிரான்ஸ்மிட்டர், தனியாக ஒரு பழைய ரிசீவர், தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே 20 மீட்டர் செம்புக் கம்பி.

நாலரைக்கே சுவிட்சைப் போட்டுவிடுவேன். ஆசிலேட்டர் சுருள் சூடேறி விரிய விரிய அலைவெண் மெல்லக் கீழே சரியும். அது அடங்கி உட்காரட்டும். பிறகு 'டிப்' பார்க்க வேண்டும். மோர்ஸ் சாவியை அழுத்தியபடி கண்டென்சர் குமிழைத் திருப்பினால், ஓரிடத்தில் மீட்டர் முள் குழியில் கால் வைத்ததுபோல் சட்டென்று இறங்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தடுமாறி நேரம் கடத்தினால் வால்வுக்குள் தகடு சிவந்துவிடும். புதிய ரேடியோக்களில் இந்த வேலையே இல்லை. அந்த முள் விழும் அழகும் இல்லை, பாவம்.

என் சக்தி 30 வாட். எதிரே 1500 வாட்காரர்கள். 50 மடங்கு என்றால் பயமாக இருக்கும். ஆனால் கேட்பவரின் சிக்னல் மீட்டரில் அந்த வித்தியாசம் மூன்று கோடுகூட வராது. எனவே சத்தம் போட்டுப் பயனில்லை, இடம் பார்த்து நுழையத் தெரிந்தால் போதும். இத்தாலிக்காரர் ஒருவர் அழைத்து முடித்ததும் இருபது பேர் ஒரே சமயத்தில் பாய்கிறார்கள். நான் பாய்வதில்லை. கும்பல் மூச்சு வாங்கும் அரை நொடியில், மழை மேகத்தின் சடசடப்புக்கு நடுவே, என் அழைப்புக்குறியை ஒரே ஒரு முறை தட்டுவேன்.

இந்தியக் குறி 'வி', 'யு' என்று தொடங்கும். டிடிடிடா, டிடிடா. 'வி'யில் ஒரு புள்ளி உதிர்ந்தால் 'யு'. தன் எதிரொலியைத் தானே சற்றுத் தேய்த்துச் சொல்வதுபோல இருக்கும். என் பெட்டியில் இன்னொரு விசேஷம்: சாவியை அழுத்தும்போது மின்னழுத்தம் லேசாகத் துவளும், தொனி வழுக்கும், ஒவ்வொரு கோடும் குருவி கத்தியதுபோல 'ட்யூ' என்று வளையும். ஹாம்கள் இதைக் குறை என்பார்கள். நான் சரிசெய்யப் போவதில்லை.

இத்தாலிக்காரர் 599 தருகிறார். 5 தெளிவுக்கு, முதல் 9 வலுவுக்கு, கடைசி 9 தொனியின் சுத்தத்துக்கு. போட்டியில் எல்லோருக்கும் 599தான். மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னவரும் 599 தருவார், சம்பந்தி வீட்டுச் சமையலைப் புகழ்கிற மாதிரி. அதையும் முழுதாகத் தட்டமாட்டார். 9 தட்ட 17 புள்ளி நேரம் பிடிக்கும். அதற்குப் பதிலாக 'என்' தட்டினால் 5 புள்ளி நேரம். இரண்டு ஒன்பதிலும் மிச்சம் பிடித்தால் வேகமான கைக்கு ஏறக்குறைய ஒரு நொடி. பதிலுக்கு நான் 599, என் மண்டல எண் 22. சுவிட்சை மறுபடி ரிசீவர் பக்கம் தள்ளுகிறேன். அவர் தட்டும் நன்றிக்கும் இரண்டே எழுத்து. வேறு கண்டம், போட்டிக் கணக்கில் மூன்று புள்ளிகள். பென்சிலால் நோட்டில் ஒரு வரி.

வெயில் ஏற ஏற வானத்தின் கீழ் அடுக்கு நான் இருக்கும் 7 மெகாஹெர்ட்ஸை உறிஞ்சத் தொடங்குகிறது. ஐரோப்பியர்கள் ஒவ்வொருவராக அமுங்கிப் போகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் அக்கம்பக்கத்தார். சொந்த நாட்டுக்காரரைப் பிடித்தால் புள்ளி பூஜ்யம். ஆனால் முதல் தடவை பிடிக்கும்போது மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணில் சேரும் என்பதால் அவரையும் விடக் கூடாது.

ஏழு மணிக்கு, டயலின் ஓரத்தில், டிடிடிடிடா. 'வி'க்கு ஒரு புள்ளி கூட வைத்தால் 4. இலங்கைக் குறியின் தொடக்கம் அது. முள் சாய்ந்துகொள்கிற வலுவில் வருகிறார். நெரிசலே இல்லை, முதல் தட்டிலேயே பிடித்துவிட்டார். கிடைத்தது ஒரே ஒரு புள்ளி.

599 என்றார். முதல் 9 உண்மை. கடைசி 9 மரியாதை.