கேட்கும் முகங்கள்

காதல் படக் கதாநாயகியை எதை வைத்து எடை போடுவது? அழகு, வசனம், கண்ணீர் என்று ரசிகர்கள் ஆளுக்கொரு தராசு வைத்திருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். எதிரில் இருப்பவர் பேசும்போதும் பாடும்போதும் அந்த முகம் என்ன செய்கிறது?

பாடத் தெரிந்தவர்களே பெரும்பாலும் நடித்த காலத்தில் திரைக்காதல் பாதி கச்சேரிதான். ‘சகுந்தலை’யில் (1940) எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பாலசுப்பிரமணியமும் காதலர்கள் என்றால், காதுக்கு விருந்து நிச்சயம். முகத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? ‘ஹரிதாஸ்’ (1944) ரம்பாவாக வந்த டி.ஆர்.ராஜகுமாரி, பார்வை ஒன்றாலேயே கொட்டகையைக் கட்டிப்போட முடியும் என்று காட்டினார். பிறகு பின்னணிப் பாட்டு நிலைத்தது. தொண்டையிலிருந்து விடுபட்ட நடிப்பு முகத்துக்கு வந்து சேர்ந்தது.

பானுமதி மட்டும் இந்தக் கணக்கில் அடங்க மாட்டார். தம் பாட்டைத் தாமே பாடினார். ‘மலைக்கள்ளன்’ ஆனாலும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஆனாலும், எம்.ஜி.ஆர். பேசும்போது அவர் முகம் அடுத்த பதிலைத் தயார் செய்துகொண்டிருக்கும். அவரிடம் காதல் சரிக்குச் சரி நடக்கும் வழக்காடல். அந்தப் பாணிக்குச் சரியான வாரிசு வரவேயில்லை.

அவர் விலகியதால் கைமாறிய வேடம்தான் ‘மிஸ்ஸியம்மா’ (1955). வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவர். அதில் சிடுசிடுக்கும் மேரியாகச் சாவித்திரி. கோபம் எந்த இடத்தில் பிரியமாகிறது என்று வசனத்தில் தேடினால் அகப்படாது. ஜெமினி கணேசன் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், சாவித்திரி முறைப்பார், அந்த முறைப்பில் ஒரு நூலளவு தளர்வு. அவ்வளவுதான். ‘காதல் மன்னன்’ பட்டம் ஜெமினிக்குப் போனது. அந்த ராஜ்யத்துக்கு வரி கட்டியவர்கள் எதிரே நின்ற நடிகைகள்.

பத்மினியின் வழி நாட்டியத்திலிருந்து வந்தது. சில படங்களில் அந்த அபிநயம் கொஞ்சம் கூடிப்போகும். ஆனால் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) அந்த மிகையையே கதையாக்கிக்கொண்டது. தூணுக்குப் பின்னால் காதலன் சண்முகசுந்தரம் ஒளிந்து பார்க்கிறான் என்று தெரிந்தே மோகனா ஆடுகிறாள். சபைக்கு ஒரு முகம், தூணுக்கு ஒரு முகம்.

காதலை வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தவர் ஸ்ரீதர். அவர் இயக்கிய முதல் படமான ‘கல்யாண பரிசு’ (1959) சரோஜாதேவிக்கும் பெரிய திருப்பம். அவருடைய கன்னட வாடைத் தமிழைக் கேலி செய்தவர்களே பின்னால் அதற்கு அடிமையானார்கள். எம்.ஜி.ஆருடன் 26 படங்கள் நடித்தார். அவற்றில் பலவற்றில் வண்ணத்துக்கும் கொஞ்சலுக்கும்தான் வேலை. ‘கல்யாண பரிசு’ படத்தில் அக்காவுக்காகக் காதலை விட்டுக்கொடுக்கும் வசந்தியில் அந்தப் படபடப்பு அடங்கும்போதுதான் அவர் எவ்வளவு பெரிய நடிகை என்று தெரியும்.

ஆனால் என் ஓட்டு தேவிகாவுக்கு. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) பெரும்பகுதி ஒரே மருத்துவமனை அரங்கில் நடக்கிறது. புற்றுநோயில் கிடக்கும் கணவன் முத்துராமன். சிகிச்சை தரும் டாக்டர், பழைய காதலன் கல்யாண்குமார். ‘நான் இறந்தால் அவரை மணந்துகொள்’ என்கிற கருத்தில் கணவனே பேசுகிறான். அதைக் கேட்கும் தேவிகாவை வின்சென்ட்டின் கேமரா விடாமல் கவனிக்கிறது. அதிர்ச்சி, அவமானம், எங்கே தன் பழைய மனம் வெளியே தெரிந்துவிட்டதோ என்ற பயம். அவர் பதில் சொல்லும் பாட்டு வருவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. இதே ஸ்ரீதர் இரண்டே ஆண்டில் ‘காதலிக்க நேரமில்லை’ எடுத்தார் என்பது தனி வேடிக்கை. காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் பொலிவாக இருந்தார்கள். படத்தை நாகேஷும் பாலையாவும் கொண்டு போய்விட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் வசனம் குறைந்தது. தராசு தலைகீழானதும் அப்போதுதான். மகேந்திரனின் ‘ஜானி’யில் (1980) பாடகி அர்ச்சனாவாக வரும் ஸ்ரீதேவி, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லித் தானே கேட்கிறார். ரஜினிகாந்த் தயங்குகிறார். அதுவரை பெரும்பாலும் பெண்ணின் முகம் சுமந்த தயக்கத்தை இங்கே ஆண் சுமக்க வேண்டியிருக்கிறது. ரஜினி அதை நன்றாகவே சுமந்தார்.