‘ஓஸ்’ தேசத்துக்கு மறுபிரயாணம்

குழந்தைகளுக்கென்று எடுக்கும் மாயாஜாலப் படங்களில் பயங்கரத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்ற பிரச்னை 1980களில் ஆங்கிலத் திரையுலகில் பலமாக எழுந்தது. ‘தி டார்க் கிரிஸ்டல்’ (1982), டிஸ்னி நிறுவனத்தாரின் ‘சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்’ (1983), ‘தி பிளாக் கால்ட்ரன்’ (1985) ஆகிய படங்கள் அந்த வரிசையில் வந்தவை. அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கதும், பெற்றோரின் கண்டனத்துக்குப் பெரிதும் இலக்கானதும், வால்ட்டர் மர்ச் 1985இல் இயக்கிய ‘ரிட்டர்ன் டு ஓஸ்’ என்ற படமாகும்.

ஜூடி கார்லண்டின் கானத்தோடு 1939இல் வெளிவந்து, கண்டதெல்லாம் சொப்பனமே என்று முடிந்த திரைப்படத்தையே மூலமென்று நினைத்திருந்த ஜனங்களுக்கு இது அபசாரமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் எல். பிராங்க் பாம் 1900இல் எழுதிய மூலக்கதையில் ஓஸ் தேசம் சொப்பனமன்று. பழங்கதைகளின் கோரங்களை விலக்கிவிட்டதாக முன்னுரையில் பிரகடனம் செய்த அவரே, சூனியம் வைக்கப்பட்ட கோடரியால் அங்கம் அங்கமாக வெட்டுண்டு தகர மனிதனாகிப்போன ஒருவனின் சரித்திரத்தை அந்நூலிலேயே சொல்கிறார். 1907இல் எழுதிய ‘ஓஸ்மா ஆஃப் ஓஸ்’ நூலிலோ, முப்பது தலைகளை அலமாரியில் வைத்துக்கொண்டு, புடவை மாற்றுவதுபோல் மாற்றி அணியும் ஓர் இளவரசியையே சிருஷ்டித்துவிட்டார்.

இந்நூலையும் 1904இல் வந்த இரண்டாம் நூலையும் இணைத்தே மர்ச் தம் கதையை அமைத்தார். உயிரூட்டும் பொடியைக் களவாடச் சிறுமி டாரதி நள்ளிரவில் அலமாரியைத் திறக்க, உள்ளிருந்த தலை விழித்துக் கூவ, மற்றத் தலைகளெல்லாம் அலற, தலையற்ற உடல் படுக்கையைவிட்டு எழுந்து வரும் காட்சி, எழுத்தில் வேடிக்கையாக இருந்ததைத் திரையில் குலைநடுங்கச் செய்வதாக ஆக்கிவிடுகிறது. வில் வின்டன் குழுவினர் களிமண்ணால் அசைவூட்டிய பாறை முகங்களும், உள்ளே ஒருவர் உடலை மடக்கிக் குனிந்து, பின்னோக்கி நடந்து இயக்கிய ‘டிக்-டாக்’ என்னும் இயந்திர மனிதனும் தொழில்திறனுக்கு உத்தமமான உதாரணங்கள். காட்சி விநோதங்களுக்காக இப்படம் ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. உறக்கமின்றி ஓஸைப் பற்றியே பேசும் டாரதியை மின்சாரச் சிகிச்சைக்காக அவள் ஊரான கான்ஸாஸில் ஒரு வைத்தியசாலையில் விடும் ஆரம்பப் பகுதி பாமின் நூல்களில் இல்லாதது. அங்குள்ள வைத்தியரும் தாதியும் ஓஸில் அரக்க மன்னனாகவும் சூனியக்காரியாகவும் வருவது 1939ஆம் வருஷத்துப் படத்தின் உபாயமே. பாமின் வெள்ளிப் பாதுகைகளை விட்டு, அப்படத்துக்கே உரிய மாணிக்கப் பாதுகைகளை, அதைத் தயாரித்த எம்.ஜி.எம்முக்குப் பணம் செலுத்தி வாங்கிக்கொண்டதும் அதே சபலந்தான். மூலநூலுக்கு விசுவாசமாக இருக்க விரும்பிய படம், தான் மறுக்க வந்த படத்துக்கும் ஊழியம் செய்தது.

சுமார் 2.8 கோடி டாலர் செலவில் உருவான படம் அமெரிக்காவில் ஏறக்குறைய 1.1 கோடியே ஈட்டியது. படத்தொகுப்பிலும் ஒலியமைப்பிலும் பிற்காலத்தில் ஆஸ்கார் பரிசுகளை வென்ற மர்ச், மறுபடி முழுநீளக் கதைப்படம் எதையும் இயக்கவில்லை. பாமை வாசித்த குழந்தை அந்தத் தலைகளைக் கண்டு ஒருகால் சிரித்துவிடும். மின்சார யந்திரத்தைக் கண்டு சிரிக்க எந்தக் குழந்தையாலும் முடியாது. ஓஸ் தேசத்தில் ஜயித்த இப்படம், கான்ஸாஸில் தோற்றது என்பதே நம் முடிவு.