அரைச்சொல் கேட்ட பிள்ளைகள்

சிறுவர் நாடகம் என்பது பெரியோர் நாடகத்தின் குறுகிய வடிவம் என்று கருதுவோர் பலர். அக்கருத்து முற்றும் பொருந்தாது. சில நாடகங்கள் இளையோர் நடிக்கும்போதுதான் தம் முழுப்பொருளையும் புலப்படுத்துகின்றன. ‘பென்சான்சுக் கடற்கொள்ளையர்’ என்னும் ஆங்கில இசை நாடகம் அத்தகையது.

கில்பர்ட் எழுத, சல்லிவன் இசையமைத்த இந்நாடகம் 1879 டிசம்பர் 31இல் நியூயார்க்கில் அரங்கேறியது. 1884ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் இலண்டன் சேவாய் அரங்கில் சிறுவர் சிறுமியரே இதனை நடித்தனர். பள்ளிகளும் ஊர் நாடகக் குழுக்களும் இன்றளவும் நடித்து வருகின்றன. பென்சான்சு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த கடற்கரை ஊர். அக்கார்ன்வாலிலிருந்துதான் சுரங்கத் தொழில் அறிந்தோர் பலர் கோலார் தங்கவயலுக்கு வந்தனர். ஆதலின் தங்கவயல் தமிழர்க்கு இக்கதைக்களம் முற்றும் அயலானதன்று.

கதை எளியது. பிரெடரிக் என்னும் சிறுவனைக் கப்பல் வழிகாட்டியிடம் தொழில் பயில விடுமாறு அவன் தந்தை பணிக்கிறார். செவி மந்தமான செவிலி ரூத், ‘பைலட்’ என்பதைப் ‘பைரேட்’ எனக் கேட்டுக் கடற்கொள்ளையரிடம் சேர்த்து விடுகிறாள். இருபத்தோராம் பிறந்தநாள் வரை பணிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அவன் பிறந்ததோ பிப்ரவரி 29. ஆகவே 1940ஆம் ஆண்டு வரை விடுதலையில்லை என்று நாடகம் கணக்குக் காட்டுகிறது. கடமை என்ற சொல்லுக்கு அஞ்சி அவனும் தலைவணங்குகிறான்.

இதனைக் காணுந்தோறும் நம் அபிமன்யு நினைவுக்கு வருகிறான். தாயின் கருவிலிருந்தபோது சக்கர வியூகத்துள் நுழையும் வழியைக் கேட்டான்; மீளும் வழியைக் கேட்டிலன். அங்கும் அரைச்சொல், இங்கும் அரைச்சொல். ஒன்று அழவைக்கிறது, மற்றொன்று சிரிக்கவைக்கிறது. இரண்டிலும் பெரியோர் சொல்லின் குறையைப் பிள்ளையே சுமக்கிறான்.

வளர்ந்தவர் ஒருவர் பிரெடரிக்காக நடித்தால் அவன் பேதையாகத் தோன்றுவான். சிறுவன் நடித்தாலோ, ஒப்பந்தம் எழுதிய பெரியோரே பேதையராகத் தோன்றுவர். நகைச்சுவை இடம் மாறுகிறது. இளையோர் நடிப்பால் நாடகம் பெறும் ஆக்கம் இதுவே.

குறையும் உண்டு. கொள்ளையர் அனைவரும் உயர்குடிப் பிரபுக்களே என்று அறிந்ததும் குற்றம் மன்னிக்கப்படுகிறது. குலப்பெருமையை எள்ளும் நோக்கில் அமைந்த முடிவேயாயினும், பிள்ளைக்கு நேர்ந்த அநீதி அச்சிரிப்பில் மறைந்து போகிறது. தமிழில் ஆக்குவோர் இம்முடிவைத் திருத்தியமைத்தல் நன்று. ஒலி மயக்கத்துக்கோ நம் மொழியிலேயே வழியுண்டு. ‘கடற்காவலர்’ என்றதைக் ‘கடற்கள்வர்’ எனச் செவிலி கேட்டாள் என்றால் போதும்.

சிறுவர் அரங்கு நமக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். சிறுவன் தி. க. சண்முகத்துக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை எழுதினார். கைக்குக் கிடைத்த நாடகத்தை ஆறேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றாமல், பிள்ளைக்கென நாடகம் படைத்த பெருந்தகைமை அது.

புலம்பெயர்ந்து வாழும் நம் நிலை யாது? ஆண்டுவிழா மேடைகளில் நம் பிள்ளைகள் நீண்ட வசனங்களைப் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். கைதட்டி மகிழ்கிறோம். பின்னர்ப் பொருள் வினவினால் விழிக்கின்றனர். பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என வளரும் அவர்க்குத் தமிழ் அரைச்சொல்லாகவே செவியில் விழுகிறது. அக்குறை அவர்களுடையதன்று, சொல்லிக் கொடுக்கும் நம்முடையது. வசனத்தை மனப்பாடம் செய்விக்கும் முன் ஒவ்வொரு சொல்லின் பொருளையும் அவர்களோடு அமர்ந்து பேசுவோமாக. சிரிக்க வேண்டிய இடத்தில் அவர்களே முதலில் சிரிக்கட்டும். அரங்கு தானே பின்தொடரும்.