டி.டி. 830 மல்டிமீட்டர்: தொடக்கநிலையாளருக்கான ஒரு மதிப்பீடு

டி.டி. 830 என்பது சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கையடக்க எண்ணியல் மல்டிமீட்டர் (பன்மானி) வகையாகும். இது ஒரே நிறுவனத்தின் பொருள் அன்று. ஏறத்தாழ ஒரே சுற்றமைப்பைப் பல தொழிற்சாலைகள் 830பி, 830டி போன்ற பெயர்களில், வெவ்வேறு வணிகக் குறிகளுடன் விற்கின்றன. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், இணையக் கடைகளிலும், சிற்றூர் மின்பொருள் கடைகளிலும் இது கிடைக்கிறது. மின்னணுவியல் கற்கத் தொடங்கும் மாணவர் பலருக்கும் முதல் அளவி இதுவே.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள பள்ளிப்பட்டு போன்ற ஊரில் இந்த மீட்டரின் பயன்பாடு பாடமேசையோடு நிற்பதில்லை. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, ஆர்.கே. பேட்டை வட்டாரம் விசைத்தறிகள் நிறைந்தது. எல்.இ.டி.யும் 9 வோல்ட்டு மின்கலமும் வைத்துப் பழகும் மாணவர், அதே மீட்டரைத் தறி மோட்டாரின் இணைப்பிலும் வைத்துப் பார்க்க வாய்ப்புண்டு. ஆகவே மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதோடு, எந்த இடம் வரை அதை நம்பலாம் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

பின்னணி

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் அவோமீட்டர் 1923இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பிரிட்டன் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மக்காடி அதை உருவாக்கினார். அது முள் அசைந்து காட்டும் கருவி. 1970களின் பிற்பகுதியில் இன்டர்சில் நிறுவனத்தின் ஐ.சி.எல். 7106 என்ற சில்லு வந்தபின், எண்ணியல் மீட்டருக்குத் தேவையான பகுதிகளில் பெரும்பாலானவை ஒரே சில்லுக்குள் அடங்கின. டி.டி. 830 வகை இச்சில்லின் வழிவந்த அமைப்பையே பயன்படுத்துகிறது. விலை குறைவாக இருப்பதற்கும், அந்த விலைக்கு மீறிய துல்லியம் கிடைப்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

நேர்மின் அளவீடு

இதன் திரை 1999 வரை எண்ணும். 20 வோல்ட்டு அளவெல்லையில் 0.01 வோல்ட்டு வரை பிரித்துக் காட்டும். கையேடுகள் பொதுவாக நேர்மின்னழுத்தத்திற்கு ±0.5 விழுக்காடும் கடைசி இலக்கத்தில் 2 எண்ணும் பிழையாகக் குறிப்பிடுகின்றன. இதன்படி 5 வோல்ட்டை அளக்கும்போது பிழை ஏறத்தாழ 0.045 வோல்ட்டுக்குள் அடங்கும். ஆர்டுயினோ பலகை, யூ.எஸ்.பி. மின்னூட்டி, உலர்மின்கலம் ஆகியவற்றைச் சோதிக்க இது தாராளமாகப் போதும்.

குறை வேறிடத்தில் உள்ளது. இவ்வகை மீட்டரின் உள்மின்மறுப்பு பொதுவாக 1 மெகாஓம். விலை கூடிய மீட்டர்களில் 10 மெகாஓம் இருக்கும். 9 வோல்ட்டு மின்கலத்தின் குறுக்கே இரண்டு 1 மெகாஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்தால் நடுப்புள்ளியில் 4.5 வோல்ட்டு இருக்க வேண்டும். அங்கு டி.டி. 830ஐ வைத்தால் அதன் 1 மெகாஓமும் ஒரு மின்தடையோடு பக்க இணைப்பில் சேர்ந்து, திரையில் 3 வோல்ட்டு தெரியும். 10 மெகாஓம் மீட்டர் ஏறத்தாழ 4.29 வோல்ட்டு காட்டும். மீட்டர் பழுதானதால் வரும் வேறுபாடு அன்று இது. அளக்கும் செயலே சுற்றை மாற்றிவிடுகிறது. எனினும் சில கிலோஓம் அளவிலான தொடக்கநிலைச் சுற்றுகளில் இப்பிழை மிகச் சிறிது. வோல்ட்டுக்கு 20,000 ஓம் கொண்ட முள் மீட்டர், 10 வோல்ட்டு அளவெல்லையில் 2 லட்சம் ஓம் மட்டுமே தரும். அதோடு ஒப்பிட்டால் டி.டி. 830 மேலானது.

மாறுமின் அளவீடு

இம்மீட்டரின் வலுவற்ற பகுதி இது. மாறுமின்னழுத்தத்திற்குப் பொதுவாக 200, 750 வோல்ட்டு என இரண்டு அளவெல்லைகளே உள்ளன. சில மாதிரிகளில் மேல் எல்லை 600 அல்லது 500. கையேட்டில் பிழை ±1.2 விழுக்காடும் 10 எண்ணும் எனக் குறிக்கப்படுவது வழக்கம். 750 எல்லையில் ஓர் எண் என்பது 1 வோல்ட்டு. எனவே வீட்டு மின்சாரம் சரியாக 230 வோல்ட்டு இருந்தாலும், 217 முதல் 243 வரை எதைக் காட்டினாலும் மீட்டர் தன் வரையறைக்குள்தான் உள்ளது. 12 வோல்ட்டு மின்மாற்றியின் வெளியீட்டை 200 எல்லையில் அளந்தாலும் 1 வோல்ட்டுக்கு மேல் பிழை வரலாம்.

சைன் அலைக்கு மட்டுமே அளவீடு பொருந்தும் என்பது மற்றொரு குறை. சராசரியை அளந்து, அதைச் சைன் அலைக்குரிய விகிதத்தால் பெருக்கிக் காட்டுவதால், சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரின் 220 வோல்ட்டு ஏறத்தாழ 244 எனத் தெரியும். மாறுமின்னோட்டத்தை இவ்வகை மீட்டர் அளப்பதே இல்லை. மின்விசிறி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று இதைக் கொண்டு பார்க்க இயலாது.

பாதுகாப்பு

சுழல் குமிழைச் சுற்றி அச்சிட்டுள்ள 750, 1000 என்ற எண்கள் அளவெல்லையைத்தான் சொல்கின்றன, பாதுகாப்பை அன்று. மின்கம்பியில் திடீரென எழும் உயரழுத்த அதிர்வை மீட்டர் தாங்குமா என்பதை ஐ.இ.சி. 61010 தரம் வகுத்த கேட் குறியீடு காட்டுகிறது. சுவர் பிளக்கில் செருகும் கருவிகள் கேட் 2இலும், கட்டடத்தின் பகிர்மானப் பலகையும் நிலையாகப் பொருத்திய மோட்டார்களும் கேட் 3இலும், மின்சாரம் கட்டடத்திற்குள் நுழையும் இடம் கேட் 4இலும் அடங்கும். மலிவு மீட்டர்கள் சிலவற்றில் இக்குறியே இல்லை. சிலவற்றில் குறி அச்சாகியிருந்தாலும் உள்ளே அதற்கேற்ற அமைப்பு இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து 10 ஆம்பியர் துளையில் உள்ளது. பெரும்பாலான டி.டி. 830 மீட்டர்களில் இத்துளைக்கு ஃபியூஸ் கிடையாது. உள்ளே இருப்பது தடித்த சிறு கம்பி மட்டுமே. மின்னோட்டத்தை அளந்துவிட்டுச் சிவப்புக் கம்பியை மாற்ற மறந்து, அப்படியே பிளக்கில் வைத்தால் அது நேரடிக் குறுக்கிணைப்பாகும். மெல்லிய கம்பி உருகித் தீப்பொறி கையருகில் சிதறும். மற்றத் துளைக்குரிய சிறு கண்ணாடி ஃபியூஸும் பெரிய பழுது மின்னோட்டத்தைத் துண்டிக்க வல்லதன்று. இவ்வகைக் கண்ணாடி ஃபியூஸ்களின் துண்டிப்புத் திறன் பொதுவாக 35 ஆம்பியர் அளவே. தரமான மீட்டர்களில் உள்ள, மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் துண்டிக்கும். ஃபேஸ்களுக்கிடையே 415 வோல்ட்டு ஓடும் மும்முனைத் தறி மோட்டாரில் இந்த வேறுபாடு உயிர் சார்ந்தது.

வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும்

வாங்கும் முன் கடையிலேயே சில சோதனைகளைச் செய்யலாம். 200 ஓம் எல்லையில் இரு முனைகளையும் தொடவைத்தால் 1 ஓமுக்குக் கீழான, நிலையான எண் வர வேண்டும். கம்பியை அசைக்கும்போது எண் தாவினால் கம்பி தரமற்றது. 1 விழுக்காடு பிழையுள்ள 10 கிலோஓம் மின்தடை 9.8 முதல் 10.2 வரை காட்ட வேண்டும். பஸ்ஸர் ஒலியுள்ள மாதிரியையே தேர்வது நல்லது. பிரெட்போர்டில் அறுந்த இணைப்பைத் தேடத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உள்ளிருக்கும் 9 வோல்ட்டு மின்கலம் ஏறத்தாழ 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், ஒப்பீட்டு மின்னழுத்தம் தாழ்ந்து, அளவுகள் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். புதிய 1.5 வோல்ட்டு மின்கலம் 1.8, 1.9 என்று காட்டினால் மீட்டரின் மின்கலத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். தானாக அணையும் வசதி இல்லாததால், வேலை முடிந்ததும் குமிழை ஆஃப் நிலைக்குத் திருப்புவதும் அவசியம்.

மதிப்பீடு

மின்கலத்திலும் சிறு மின்னூட்டியிலும் இயங்கும் சுற்றுகளுக்கு டி.டி. 830 அதன் விலைக்கு மிக நல்ல கருவி. ஓம் விதியைக் கையால் சரிபார்க்கவும், டையோடின் திசையறியவும், டிரான்சிஸ்டரைச் சோதிக்கவும் ஒரு மாணவருக்கு இதற்கு மேல் தேவையில்லை. 30 வோல்ட்டுக்குள் நேர்மின்னில் மட்டும் இதைப் பயன்படுத்துவது என்று வரையறுத்துக்கொண்டால் இதன் குறைகளில் பெரும்பாலானவை மறைந்துவிடும். பிளக், பகிர்மானப் பலகை, தறி மோட்டார் ஆகியவற்றுக்கு இது ஏற்றதன்று. அவ்விடங்களுக்கு எல்லாத் துளைகளிலும் உயர்திறன் ஃபியூஸும், சான்றளிக்கப்பட்ட கேட் 3 தரமும் கொண்ட மீட்டர் வேண்டும். அது கைவரும் வரை அந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுவதே முறை. மாணவருக்கு மீட்டரை வாங்கித் தருவோர், எதை அளக்கலாம் என்பதோடு எதை அளக்கக் கூடாது என்பதையும் சொல்லித் தர வேண்டும். இந்த மீட்டரோடு வரும் ஒற்றைத்தாள் கையேடு அதைத் தெளிவாகச் சொல்வதில்லை.