ஆவூர் மோட்சமும் செஞ்சையாவின் ராஜ்யமும்

செத்த பிறகு என்ன ஆவோம், கடவுளின் ராஜ்யம் எப்போது வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொல்லிவந்த விடைகளைத் தேடப் போனால் புதுக்கோட்டையை விட்டு அதிகம் நகர வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆனாலும் இந்த விவாதத்தின் இரண்டு எல்லைகளும் இங்கேதான் இருக்கின்றன. ஒன்று விராலிமலைப் பக்கத்து ஆவூர். மற்றது பழைய சமஸ்தானத்தின் நீதிமன்றம்.

ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பணியாற்றியவர் மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு பூஷே. அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று, ஆயர் ஹுவேக்கு எழுதியது, மறுபிறப்பு நம்பிக்கையைப் பற்றியது. இங்கே கேட்டதைப் பித்தகோரஸ், பிளேட்டோ சொன்னவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவருக்கு முன்பே தத்துவபோதக சுவாமி என்ற ராபர்ட் தெ நொபிலி (1577–1656) ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’, ‘நித்திய ஜீவன சல்லாபம்’ என்று நூல்களே எழுதிவிட்டார். காரணம் விளங்குகிறது. எழுபிறப்பும் வினைப்பயனும் தெரிந்த ஊரில், ஒரே பிறவி, ஒரே சாவு, உடனே தீர்வை என்பதை எளிதில் சொல்லிவிட முடியாது. குருமார்களின் தெம்பெல்லாம் இந்த வாதத்துக்கே செலவாயிற்று. இயேசு ஓயாமல் பேசிய ராஜ்யம் அதனாலேயே பின்னுக்குப் போய், தனி ஆத்துமாவின் மோட்சம் முன்னுக்கு வந்தது என்பது என் எண்ணம்.

அந்த மோட்சத்துக்கு வழி மட்டும் தெளிவாக வகுக்கப்பட்டது. ஆள் இறந்ததும் தனித்தீர்வை, உலக முடிவில் பொதுத்தீர்வை. நடுவில் மோட்சம், நரகம், மோட்சம் சேருமுன் ஆத்துமா பாவக்கறை நீங்கக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலம். இதில் மக்கள் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டது உத்தரிக்கிற ஸ்தலம்தான். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று எந்தக் கத்தோலிக்கக் கிராமத்துக்குப் போனாலும் பார்க்கலாம். முதல் நாளே புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். சாயங்காலம் செவ்வந்தி மாலை, சாம்பிராணி, காற்றில் அணைந்து அணைந்து எரியும் மெழுகுவர்த்திகள். சாமியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துப் போவார். தங்கள் கல்லறையில் தீர்த்தம் படவில்லை என்று தோன்றினால் பாட்டிமார் கூப்பிட்டு நிறுத்திவிடுவார்கள். இறந்தவருக்கு இன்னும் உதவ முடியும் என்ற நம்பிக்கை இது. திவசம் கொடுத்த குடும்பத்தார் இதை அந்நியமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

தீர்வைக்கு அஞ்சாமல் போனவர்கள் வேதசாட்சிகள். தெற்கே ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ நேரே மோட்சம் சேர்ந்தார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததென்று நம்பப்படும் மண்ணை இன்றும் அள்ளிப் போகிறார்கள். 

சீர்திருத்த சபைகளுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாது. அவர்களுடைய மோட்சப் பயணத்துக்குத் தமிழில் காப்பியமே இருக்கிறது: ஆங்கில எழுத்தாளர் பன்யனின் மோட்சப் பயணக் கதையைக் கம்பன் நடையில் பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894). அங்கேயும் பயணி தன் ஊரை விட்டு ஓடித்தான் மோட்ச நகரத்தை அடைகிறான். ஊர் திருந்துவதில்லை.

ராஜ்யம் வரப்போகிறது, அதுவும் நாளையே வரப்போகிறது என்று சொன்னவர்கள் வேறு கூட்டம். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் கேட்டன. திருவிதாங்கூரில் யுஸ்தூஸ் யோசேப்பு, கிறிஸ்து 1881இல் திரும்பி வருவார் என்று நாள் குறித்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஆண்டு வந்தது, கடந்தது. 1920களில் கொழும்பில் தொடங்கி, பிறகு சென்னை இரும்புலியூரை மையமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் நாள் குறிக்காமல் இடம் குறித்தது: வெள்ளையுடை உடுத்தி மணமாகாமல் ஊழியம் செய்பவர்களுக்குச் சீயோன், மற்ற விசுவாசிகளுக்குப் படிப்படியாக வேறு வாசஸ்தலங்கள். பரலோகத்திலும் படிநிலை வைத்தது நம் ஊருக்குப் பொருத்தம்தான்.

இவர்கள் எல்லாரையும் ஒருசேர மறுத்தவர் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா (1886–1959). தெலுங்கர், நெல்லூர்க்காரர், இளம் வயதில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்து வழக்கறிஞரானவர். பின்னாளில் சென்னை மேயரான வி. சக்கரை அவருடைய மைத்துனர். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, அதற்கென டச்சு இறையியலாளர் ஹென்றிக் கிரேமர் எழுதிய புத்தகத்துக்கு எதிராக ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்தித்தல்’ என்ற பொருளில் ஆங்கிலத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. அதில் எழுதியவர்களில் செஞ்சையாவும் சக்கரையும் உண்டு.

செஞ்சையாவின் வாதம் துணிச்சலானது. இயேசு பாவத்துக்குப் பரிகாரம் தேடித் தந்துவிட்டுப் போனவர் மட்டுமல்லர். படைப்பில் புதிதாகத் தோன்றிய மனிதர், பரிணாமத்தின் அடுத்த படி. பரிசுத்த ஆவி என்பது உலகத்துக்குள் இறங்கியுள்ள புதிய சக்தி. விசுவாசிக்குக் குறிக்கப்பட்ட முடிவு செத்து மோட்சம் போவதன்று. இங்கேயே அந்தப் புதுப்படைப்பாக மாறுவது. ராஜ்யத்தை அறிவித்த இயேசுவின் இடத்தில் சபையை உட்காரவைத்துவிட்டார்கள் என்பது அவர் சாற்றிய குற்றம். இதற்கெல்லாம் அவர் துணைக்கு அழைத்தவர்களில் அரவிந்தரும் உண்டு. சாவை வெல்லும் யோகம் கற்பித்த கும்பகோணத்து மாஸ்டர் சி.வி.வி.யும் உண்டு. சபையார் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் மறுபிறவியை மறுப்பதிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒரு மரபில், யோகத்தின் வழியாக ராஜ்யத்தை எண்ணிப் பார்த்த ஒருவர் தோன்றியது எனக்குப் பெரிய திருப்பமாகவே படுகிறது.

அவரிடம் ஒரு குறை. புதிய மனிதனுக்குச் சோறு எங்கிருந்து வரும், அவன் எந்தத் தெருவில் குடியிருப்பான் என்ற கேள்விகளுக்கு, என் வாசிப்பில், அவர் அழுத்தம் தரவில்லை. அதைப் பேச மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்குத் தியாபிலஸ் அப்பாவு (1940–2005) வர வேண்டியிருந்தது. ‘பரட்டை’ என்று தன்னை அழைத்துக்கொண்டவர். கடவுளைப் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டுக் கிராமிய மெட்டில் வழிபாடு அமைத்தார். அவரவர் கொண்டுவந்ததை ஒரே உலையில் பொங்கி, சாதி பாராமல் உட்கார்ந்து உண்பதுதான் நற்கருணை என்றார். ராஜ்யம் அவருக்கு அப்படிப்பட்ட ஒரு குடும்பம். இது வெறும் கவித்துவமல்ல என்பதைப் பார்க்கத் திருச்சி மேலப்புதூர் போதும். அங்கே தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். தனித்தீர்வைக்கும் பொதுத்தீர்வைக்கும் நடுவே அந்த உடல்கள் காத்திருக்கும் இடத்திலேயே சுவர்.

அரசரடியில் பேசியது ஊர்ச் சபைகளை எவ்வளவு எட்டியது என்றால், கொஞ்சம்தான். செஞ்சையாவின் பெயர் புதுக்கோட்டைப் பிரசங்கங்களில் வருவதே அபூர்வம். வென்றது வருகையைப் பற்றிய பேச்சு. நாற்சந்திச் சுவர்களிலும் வேன்களின் பின்கண்ணாடியிலும் ‘இயேசு சீக்கிரம் வருகிறார்’ என்று படிக்கக் கிடைக்கிறது. உலையைப் பற்றி எழுதிய சுவரை நான் இதுவரை பார்த்ததில்லை.