கேட்பது குரலா, குழுவா?

1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே பாட்டு ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பட்டியல்களில் இடம்பெற்றது. ஒன்று, சிறந்த அசல் பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரை. மற்றது, ஹாலிவுட்டின் குப்பைகளைத் தேடிப்பிடித்துக் கேலி செய்யும் கோல்டன் ராஸ்பெரிக்காரர்களின் 'மிக மோசமான பாடல்' பரிந்துரை. இரண்டிலும் அது வெல்லவில்லை. ஆஸ்கரை 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தின் பாடல் தட்டிச் சென்றது.

'ஆர்மகெடான்' படத்துக்காக ஏரோஸ்மித் குழு பாடிய 'ஐ டோண்ட் வாண்ட் டு மிஸ் எ திங்'தான் அந்தப் பாட்டு. கால் நூற்றாண்டு கடந்தும் அதைப் பற்றிய பேச்சு ஒரு முடிவுக்கு வரவில்லை. அமெரிக்கத் திருமணங்களில் மணமக்கள் ஆடும் முதல் நடனத்துக்கு அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. வானொலியில் அது தொடங்கியதுமே அலைவரிசையை மாற்றுகிற பழைய ஏரோஸ்மித் ரசிகர்களும் உண்டு. இரு தரப்பும் ரசனை கெட்டவர்கள் அல்லர். ஆனால் எதிர்ப்பவர்கள் அடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை இந்தக் குழுவின் வரலாற்றோடு உரசிப் பார்த்தால் நிற்பதில்லை. நிற்கிற ஒரே காரணத்தை அவர்கள் அதிகம் சொல்வதும் இல்லை.

ஏரோஸ்மித் 1970இல் பாஸ்டனில் உருவான ஐவர் குழு. 'டாய்ஸ் இன் தி அட்டிக்' (1975), 'ராக்ஸ்' (1976) ஆகிய ஆல்பங்களில் அவர்கள் அமைத்துக்கொண்ட இசை, புளூஸில் வேரூன்றிய, கொஞ்சம் அழுக்கும் நிறையக் குறும்பும் கலந்த ராக். ஸ்டீவன் டைலரின் குரலும் ஜோ பெரியின் கிட்டாரும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே போகும். போதையிலும் பூசலிலும் சிதைந்த குழு, 1987இல் 'பெர்மனென்ட் வெக்கேஷன்' ஆல்பத்தோடு மீண்டு வந்தது. இத்தனை ஏற்ற இறக்கங்களிலும் அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் முதலிடம் மட்டும் கிட்டவேயில்லை. 1998 செப்டம்பரில் இந்தத் திரைப்பாடல் பட்டியலுக்குள் நுழைந்த வாரமே முதலிடத்தைப் பிடித்தது. 4 வாரம் அங்கேயே இருந்தது. அக்குழுவுக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த ஒரே முதலிடம் இதுதான். ரசிகர்களின் மனக்கசப்பில் பாதி இங்கிருந்து பிறக்கிறது. இருபத்தெட்டு ஆண்டு உழைப்பில் எட்டாத உயரத்துக்கு, குழுவின் இயல்புக்குச் சற்றும் ஒட்டாததாக அவர்கள் கருதும் ஒரு பாட்டு ஏறிவிட்டது.

முதல் குற்றச்சாட்டு, இது வெளியாள் எழுதிய பாட்டு என்பது. உண்மைதான். சொல்லும் மெட்டும் டயான் வாரனுடையவை. திரைப்படக் காதல் பாடல்களில் கைதேர்ந்தவர் அவர். 1996இல் செலின் டியோன் பாடிய 'பிகாஸ் யூ லவ்ட் மீ' அவர் எழுதியதுதான். 'ஆர்மகெடான்' தயாரிப்பாளர் ஜெர்ரி பிரக்ஹைமரின் முந்தைய படமான 'கான் ஏர்' படத்துக்கும் அவர் பாட்டு எழுதியிருந்தார். நடிகர் ஜேம்ஸ் பிரோலின் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், உறங்கும் நேரத்திலும் தன் துணை பார்பரா ஸ்ட்ரைசாண்டைப் பிரிந்திருப்பதுபோல் ஏங்குவதாகச் சொன்னதே இந்தப் பாட்டுக்குப் பொறி. எழுதியபோது செலின் டியோன் போன்ற ஒரு பாடகியின் குரலே வாரனின் மனத்தில் இருந்தது.

எழுதுபவர், மெட்டமைப்பவர், பாடுபவர் என வேலை பிரிந்து கிடக்கும் திரையிசையில் வளர்ந்த காதுகளுக்கு இது ஒரு குறையாகவே தோன்றாது. ராக் ரசிகருக்கோ, தன் பாட்டைத் தானே எழுதுவது குழுவின் மானப் பிரச்சினை. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டாலும் ஏரோஸ்மித்தின் வரலாறு இடிக்கிறது. முதல் ஆல்பத்திலேயே ரூஃபஸ் தாமஸின் 'வாக்கிங் தி டாக்' இருக்கிறது. மேடையில் அவர்களின் அடையாளமாகிப்போன 'டிரெய்ன் கெப்ட் எ ரோலிங்', 1951இல் டைனி பிராட்ஷா பாடியது. 1987க்குப் பிந்தைய மறுவாழ்வே டெஸ்மண்ட் சைல்ட் போன்ற வெளி எழுத்தாளர்கள் கைகொடுத்ததால் வந்தது. 2004இல் வெளியான 'ஹாங்கிங் ஆன் போபோ' ஆல்பத்தில் ஒரு பாட்டைத் தவிர மற்றவை எல்லாம் பிறருடைய பழைய புளூஸ் பாடல்கள். அதைத் தாய்வீடு திரும்புதல் என்று கொண்டாடியவர்களில் பலர் வாரனின் பாட்டை இரவல் என்று ஒதுக்கியவர்களே. ஆகவே இரவல் என்பது இங்கே உண்மையான காரணம் ஆகாது.

இரண்டாவது குற்றச்சாட்டு, முரட்டு ராக் குழு உருகி வழியலாமா என்பது. இதுவும் ஆல்பங்களைப் புரட்டினால் கரைந்துவிடும். 1973இல் வந்த 'டிரீம் ஆன்' மெதுவாகத் தொடங்கி அலறலில் முடியும் ஓர் உருக்கமான பாடல். ஏரோஸ்மித் என்ற பெயரை நிலைநாட்டியவற்றில் அதற்கு முதன்மையான இடம் உண்டு. 1988இன் 'ஏஞ்சல்' இன்னும் இனிப்பானது. கசிந்துருகுவது இவர்களுக்குப் புதிதன்று.

மூன்றாவது, இது படத்துக்கான விளம்பரம் என்பது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. படத்தின் நாயகி லிவ் டைலர், பாடகரின் மகள். பாட்டுத் தொகுப்பை வெளியிட்ட கொலம்பியாதான் அப்போது குழுவின் ஆல்பங்களையும் வெளியிட்டது. தொகுப்பில் ஏரோஸ்மித்தின் பாட்டுகள் மட்டும் நான்கு. எல்லாருக்கும் லாபம் தரும் ஏற்பாடு. ஆனால் சினிமாவோடு கைகோத்ததே பிழை என்றால் 1978ஐ என்ன செய்வது? 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' என்ற படத்தில் அவர்கள் நடித்து, பீட்டில்ஸின் 'கம் டுகெதர்' பாட்டையும் பாடினார்கள். படம் மண்ணைக் கவ்வியது, பாட்டு நின்றது. சினிமாவுக்காக, அதுவும் பிறர் பாட்டை, அதுவும் பீட்டில்ஸின் பாட்டைப் பாடியும் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் பெரியின் கிட்டாரும் ஜோயி கிரேமரின் டிரம்ஸும் அதைப் பிடித்து உலுக்கித் தம்முடையதாக ஆக்கிக்கொண்டிருந்தன.

1998இன் பாட்டில் நடக்காமல் போனது இதுதான். தந்தி வாத்தியக் கூட்டம் மெல்லத் தொடங்குகிறது, குரல் வருகிறது, பல்லவிக்கு டிரம்ஸ் எழுகிறது, அலை மேல் அலையாக ஏறி உச்சத்தில் முடிகிறது. தயாரிப்பாளர் மேட் செர்லெடிக் பளபளப்பாகச் செதுக்கிய ஒலி. அந்த மெருகில் பெரியும் பிராட் விட்ஃபோர்டும் வாசிக்கும் கிட்டார்கள் பின்சுவராகிவிடுகின்றன. நினைவில் நிற்கும் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துணுக்கு, கிடையாது. 'ஸ்வீட் எமோஷன்' பாட்டின் தொடக்கத்தில் நாலைந்து நொடியில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் டாம் ஹாமில்டனின் பேஸ் இங்கே யாருடையதாகவும் இருக்கலாம். டைலரின் குரலை எடுத்துவிட்டுக் கேட்டால், வாசிப்பது எந்தக் குழு என்று தீவிர ரசிகராலும் சொல்ல முடியாது.

இதற்குச் சான்று அடுத்த சில மாதங்களிலேயே கிடைத்தது. மார்க் செஸ்நட் என்ற கன்ட்ரி பாடகர் இதே பாட்டைப் பாடி, 1999இன் தொடக்கத்தில் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தார். எங்கே நட்டாலும் வளரும் மெட்டு என்பதற்கு அது அத்தாட்சி. பாட்டு உயிரோடு இருக்க ஏரோஸ்மித் தேவைப்படவில்லை என்பதற்கும் அதுவே அத்தாட்சி. ஏரோஸ்மித்தின் 'வாக் திஸ் வே' பாட்டை 1986இல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழு எடுத்தபோது நிலைமை வேறு. அதில் ரிஃப்பையும் சொல்லடுக்கின் தாளத்தையும் விட்டுவிட்டுப் பாட முடியவில்லை. டைலரையும் பெரியையுமே கூட அழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பாடல்வரியிலும் இந்த இழப்பு தெரிகிறது. உறங்காமல் விழித்திருந்து அன்புக்குரியவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் நிலை என்பது நல்ல கரு. ஆனால் முதல் சில வரிகளிலேயே அது முழுதாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. பிறகு வருவதெல்லாம் அதையே இன்னும் உரக்கச் சொல்வது. டைலர் தாமே எழுதும்போது சொற்கள் ஒன்றோடொன்று மோதித் தெறிக்கும். இரட்டை அர்த்தம் கண்சிமிட்டும். வாயே ஒரு தாளக்கருவி ஆகிவிடும். அந்த வித்தை எதற்கும் இங்கே இடமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பாட்டை ஒதுக்கிவிட முடியாது. தடுப்பது டைலரின் குரல். அப்போது அவருக்கு வயது 50. ஏறக்குறைய பேச்சுபோலத் தொடங்கி, கரகரப்பேறி, இறுதியில் தொண்டை கிழியுமளவுக்குக் கத்துகிறார். வாரன் மனத்தில் வைத்திருந்த வகைப் பாடகி பாடியிருந்தால் மெட்டு வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கும். குறையில்லாமல், கேட்டதும் மறந்துபோகும்படியும் இருந்திருக்கும். டைலரின் சொரசொரப்பு அந்த வழவழப்புக்குள் ஒரு பதற்றத்தைச் செருகுகிறது. விழித்திருப்பவருக்கு இன்பத்தைவிட இழந்துவிடுவோமோ என்ற அச்சமே பெரிதாக இருப்பதாகத் தோன்றுகிறது. வரியில் இல்லாத இதைக் கொண்டுவந்தவர் பாடகர்.

படத்துக்குள் வைத்துப் பார்த்தால் இந்தப் பதற்றத்துக்கு இன்னொரு முகம் கிடைக்கிறது. வெளியே தெரியும் கதை காதலர்களுடையது. ஆனால் கண்ணீரை வரவழைப்பது, புரூஸ் வில்லிஸ் ஏற்ற தந்தை பாத்திரம் பூமியைத் தாக்க வரும் விண்கல்லில் தங்கித் தன் உயிரைக் கொடுத்து, திரை வழியாக மகளிடம் விடைபெறுவது. அந்த மகளாக நடிப்பவருக்குச் சொந்தத் தந்தையே பின்னணியில் பாடுகிறார். மகளின் காதல் காட்சிக்குத் தந்தை காதல் பாட்டுப் பாடுவது சங்கடம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வில்லிஸின் விடைபெறலுக்குப் பிறகு அதே பாட்டைக் கேட்டால், தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தையின் பாட்டாகவும் அது பொருந்துகிறது. 1998இல் உலகிலேயே அதிக வசூல் செய்த படம் இது. ஆரவாரத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே மனித உணர்ச்சிக்கு என்று அந்தப் படம் வைத்திருந்த சில இடங்களில் இந்தப் பாட்டு ஒன்று. திரைப்பாடல் என்ற அளவில் அது தன் வேலையைச் சரியாகவே செய்தது.

திரைப்பாடலாக வெற்றி, குழுப்பாடலாகத் தோல்வி என்று இரண்டாகப் பிரித்துவிடுவது எளிது. ஆனால் இவை ஒன்றுக்கொன்று பகையாக இருந்தே தீர வேண்டும் என்றில்லை. 1985இல் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்துக்காக சிம்பிள் மைண்ட்ஸ் குழு பாடிய 'டோண்ட் யூ (ஃபர்கெட் அபவுட் மீ)' பாட்டும் வெளியாட்கள் எழுதியதே. முதலில் மறுத்த குழு, பிறகு அரைமனத்தோடுதான் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆல்பத்தில் அதைச் சேர்க்கவும் இல்லை. ஆனால் இறுதியில் சொல்லற்று நீளும் அந்த 'லா லா லா' பாடகர் ஜிம் கெர் தாமாகச் சேர்த்தது. பாட்டில் கேட்பவர் மறக்காத பகுதியும் அதுதான். 1982இல் 'ராக்கி 3' படத்துக்காக சர்வைவர் குழு எழுதிய 'ஐ ஆஃப் தி டைகர்' படத்தின் நாயகன் ஸ்டலோன் கேட்டு வாங்கியது, அதாவது முழுக்கக் கூலிவேலை. அதன் கிட்டார் வெட்டுகளை யாரும் வேறு குழுவோடு குழப்பிக்கொள்வதில்லை. படத்துக்கு உழைத்துக்கொண்டே தன் கைரேகையையும் விட்டுச் செல்லலாம் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

'ஆர்மகெடான்' தொகுப்பிலேயே 'வாட் கைண்ட் ஆஃப் லவ் ஆர் யூ ஆன்' என்று இன்னொரு பாட்டு இருக்கிறது. எழுதியவர்களில் டைலரும் பெரியும் உண்டு, ரிஃப் உறுமுகிறது, ஐவரும் கேட்கிறார்கள். அதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. பாட்டாக வைத்துப் பார்த்தால் வாரனின் மெட்டுக்கு அது ஈடாகாது என்பதும் உண்மை. குழு தன்னைப்போல ஒலிப்பதால் மட்டும் ஒரு பாட்டு நல்லதாகிவிடாது என்பதைப் பழைய ரசிகர்கள் இதில் ஒப்புக்கொள்ள வேண்டும். மெட்டு நல்லதென்பதால் மட்டும் அது ஏரோஸ்மித் பாட்டாகிவிடாது என்பதைப் புதிய ரசிகர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

'ஐ டோண்ட் வாண்ட் டு மிஸ் எ திங்' ஓர் எழுத்தாளரின் நல்ல மெட்டு, ஒரு பாடகரின் மிக நல்ல பாட்டு. உறையில் ஐந்து பேரின் பெயர் இருக்கிறது. அவர்களில் நான்கு பேர் வாடகைக்கு அமர்த்திய வாத்தியக்காரர்களாகவே ஒலிக்கிறார்கள். வாரனின் மெட்டு ஏரோஸ்மித்தை முதலிடத்தில் ஏற்றியது. அந்த மெட்டுக்குள் பெரி நுழைய ஒரு கதவையாவது திறந்து வைத்திருந்தால், ஏறியது ஏரோஸ்மித்தேதான் என்று பழைய ரசிகர்களும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.